தெற்கே திரும்பிய டிஷ்

கேரவனுக்கு டிஷ் வாங்க வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டால் போதும், எது அவர்களுக்குச் சரிப்படும் என்று சொல்லிவிடுவேன். சாட்டிலைட் வானத்தில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அப்புறம். அந்தக் குடும்பத்தில் யார் கத்துகிறவர், யார் கேட்டுக்கொள்கிறவர் என்பதுதான் முதல் கேள்வி. அடிலெய்டுக்கு வடக்கே, செம்மண் பாலையில் இருக்கிற கூரலின்னாவில், கேரவன்கள் தங்குகிற பார்க்கின் வாசலை ஒட்டி இருக்கிற தகரக் கொட்டகை என்னுடையது. என் பெயர் நோலீன். குளிர்காலம் வந்தால் தெற்கே இருக்கிற பென்ஷன்காரர்கள் எல்லாம் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, வெயிலைத் தேடி வடக்கே போகிற வழி இது. இந்த ஊரைத் தாண்டினால் டிவி கோபுரம் கிடையாது. சனிக்கிழமை ஃபுட்பால் பார்க்காவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. ஆகவே எல்லோரும் என்னிடம் வந்துதான் தீர வேண்டும்.

வந்தவர் யாரும் வெறுங்கையோடு போனதில்லை. ஒருத்தியைத் தவிர. வால்டா ப்ரௌஸ். எதையும் வாங்காதது மட்டுமில்லை, தன்னிடம் இருந்ததையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். இப்போதும் அவள் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். டிவி இல்லாமல் எப்படிப் பொழுது போகிறது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்திருக்க வேண்டாமே என்று தோன்றுகிற நாட்களும் உண்டு.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வகை வைத்திருக்கிறேன். முதலாவது முக்காலி டிஷ். தூக்கிக்கொண்டு போய் வெட்டவெளியில் நிறுத்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சிக்னல் பிடிக்க வேண்டும். இரண்டாவது கூரையில் இருப்பது, உள்ளிருந்து கைப்பிடியைச் சுற்றினால் எழும்பும். மூன்றாவது தானியங்கி. பட்டனை அமுக்கினால் அதுவாக எழுந்து, வானத்தைத் துழாவி, பிடித்துக்கொள்ளும். கேட்டால் மூன்றாவதுதான் சொர்க்கம் என்று தோன்றும். ஆனால் கூரையில் இருக்கிற டிஷ்ஷுக்கு வானம் தெரிய வேண்டுமென்றால் கேரவனை மரத்தடியில் நிறுத்த முடியாது, நீங்களும் சேர்ந்து வெயிலில் வேக வேண்டும். முக்காலிக்காரர்கள் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு டிஷ்ஷை மட்டும் வெயிலுக்கு அனுப்பலாம்.

முக்காலிக்கு உள்ள ஒரே தொல்லை, அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று திருப்ப வேண்டும். இன்னொருவர் உள்ளே டிவித் திரையில் சிக்னல் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக் கத்த வேண்டும். எங்கள் பார்க்கில் அதற்கு விவாகரத்து முக்காலி என்று பெயர். மாலையில் புதிய வண்டிகள் வந்து நின்றதும் கச்சேரி ஆரம்பமாகிவிடும். முன்பே வந்தவர்கள் மடக்கு நாற்காலியைப் போட்டு, பீரைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். "கக்கூஸ் பக்கம் திருப்புன்னு சொன்னேன்ல." "எந்தக் கக்கூஸ்? ஆம்பளைங்களதா பொம்பளைங்களதா?" "கோடு போயிடுச்சு, பழைய எடத்துக்கே வா." "பழைய எடம் எதுன்னு எனக்கென்னடி தெரியும்?" இப்படிப் போகும். என் முன்னாள் கணவரும் நானும் போட்ட சண்டையில் பாதி இந்தச் சண்டைதான். அவர் போகும்போது டிஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போனார். அதில்தான் எனக்குக் கோபம்.

இந்தக் கச்சேரியில் வால்டாவை அடிக்க ஆளே கிடையாது. பீட்டர்பரோவில் ரயில்வே கார்டின் மகளாகப் பிறந்தவள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து, ஒரு நடன மண்டபத்தில் மெர்வைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். மெர்வ் கோதுமை சேமித்து வைக்கிற சைலோவில் இயந்திரம் ஓட்டியவர். பனைமரம் போல் உயரம், அதற்கேற்ற உடம்பு, பேச்சு மட்டும் குறைவு. சைலோ இரைச்சலில் அவர் காது போய்விட்டது. மற்றவர்கள் பேசினால் சிரித்துத் தலையாட்டுவார், அவ்வளவுதான். வால்டாவின் குரல் மட்டும் எப்படியோ உள்ளே போகும். அந்த ஒருவருக்காகவே கத்திக் கத்தி அவள் குரல் அப்படி ஆகிவிட்டது. சர்ச்சில் அவள் முணுமுணுப்பது கடைசி வரிசை வரை கேட்கும் என்பார்கள்.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுக் கேரவன் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் ஊருக்கு வருவார்கள். வண்டி நின்றதும் மெர்வ் வெளியே முக்காலியோடு நிற்பார். உள்ளேயிருந்து வால்டா கத்துவாள். அவர் பதிலே பேசமாட்டார். படம் வந்து, போல்டை முடுக்கியதும், ஸ்பேனரால் கேரவன் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். முடிந்தது என்று அர்த்தம். வால்டா கெட்டிலை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் பார்க்கிலேயே சண்டையில்லாமல் முடிகிற கச்சேரி அது ஒன்றுதான். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் மெர்வ் இறந்துபோனார். எங்கள் ஊருக்குத் தெற்கே கழுகுப்பாறை என்று ஓர் இளைப்பாறும் இடம் இருக்கிறது. உப்புப் புதர்களும் செம்மண்ணும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தவிர வேறு ஒன்றும் இல்லாத இடம். அன்று பொழுது சாயும் நேரத்தில் அங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். வால்டா வழக்கம்போல் உள்ளே உட்கார்ந்து கத்தியிருக்கிறாள். கோடு ஏறியது, படம் வந்தது, இரண்டு தட்டும் கேட்டது. கெட்டிலை வைத்தாள். அவர் வரவில்லை. வெளியே சாமான்களை ஒழுங்குபடுத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, செய்தி முடிகிற வரை பார்த்திருக்கிறாள். பிறகு கோப்பையோடு இறங்கினால், கார் டிக்கியின் அருகே மனிதர் விழுந்து கிடக்கிறார்.

காரில் இருந்த வயர்லெஸ் ரேடியோவில் அவள் கூப்பிட்டபோது கேட்டது நான்தான். ஊர் நர்ஸை ஏற்றிக்கொண்டு போனேன். நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் போய் வெகு நேரம் ஆகியிருக்கும் என்றாள். வண்டி வந்து நின்ற கையோடு போயிருக்க வேண்டும் என்றாள். நான் டிஷ்ஷைப் பார்த்தேன். வண்டியின் மறுபக்கத்தில், காலுக்கு மண்மூட்டை கட்டி, அழகாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. முக்காலியை வைக்கிற கான்வாஸ் பை மெர்வின் கைக்கு அடியில், வாய் கட்டியபடி கிடந்தது. குளிரில் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப்போகும், நர்ஸ் கணக்கு தப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முக்காலியை எடுத்த பிறகு பையைக் கட்டி வைத்திருப்பார், ஒழுங்கான மனிதர். அதற்கு மேல் யோசிக்க நான் விரும்பவில்லை.

மகன் டேரில் வந்து வால்டாவை அடிலெய்டுக்குக் கூட்டிப்போய், ஒரு சின்ன ஃபிளாட்டில் வைத்தான். கோடை முழுவதும் அங்கே கிடந்தாள். குளிர் ஆரம்பித்ததும் ஒரு நாள் கேரவனைக் காரில் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். அவள் இங்கே வந்து சேர்வதற்கு முன்பே டேரில் எனக்குப் போன் செய்தான்.

"நோலீன், அம்மா உங்ககிட்டதான் வர்றாங்க. அந்த முக்காலியத் தூக்கிப் போட்டுட்டு, பட்டன் அமுக்குறது ஒண்ணு மாட்டிக் குடுங்க."

"தனியா இருக்கிறவங்களுக்கு அதுதான் சரி. அவங்க ஒத்துக்கணுமே."

"ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். வர்ற வழியில எந்த பார்க்குல நின்னாலும் புகார். சாயங்காலம் ஆனா உள்ள உக்காந்துக்கிட்டு கத்துறாங்களாம். வெளிய யாரும் இல்லையாம். பக்கத்து வண்டிக்காரங்க பயந்துபோய் எடத்த மாத்திக்கிட்டுப் போறாங்க. இது நிக்கலைன்னா நான் வந்து கேரவன வித்துட்டு அம்மாவ இழுத்துக்கிட்டுப் போறதத் தவிர வேற வழியில்ல."

அவன் சொன்னதில் எனக்கு ஒன்று உறுத்தியது. வெளியே யாரும் இல்லை என்றால் டிஷ்ஷை யார் திருப்புகிறார்கள் என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். பிறகு, அவளே இறங்கி ஏறித் திருப்பிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

வால்டா வந்தாள். மெலிந்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. பூசணி போட்டுச் சுட்ட ஸ்கோன் ரொட்டி ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தாள். என் கொட்டகையில் உட்காரவைத்து மூன்றையும் காட்டி விளக்கினேன். கூரை டிஷ்ஷின் கைப்பிடியைச் சுற்ற உன் தோள் தாங்காது, முக்காலி கனம், காற்றடித்தால் கவிழும், தானியங்கி ஒன்றுதான் உனக்கு என்றேன். அவள் தானியங்கியின் வெள்ளை மூடியைத் தடவிப் பார்த்தாள்.

"பட்டன அமுக்கிட்டா, அப்புறம் வெளிய யாருமே நிக்க வேணாமா கண்ணு?"

"வேணாம். மழையோ புழுதியோ, நீ பாட்டுக்கு உள்ள உக்காந்துக்கலாம். அதுதானே சுகம்."

"அப்ப மெர்வ் என்ன செய்வார்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் தவறிச் சொன்னது போல் இல்லை. ஒரு வேலைக்காரருக்கு நாளைக்கு என்ன வேலை கொடுப்பது என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். உடனே எனக்கு எரிச்சல் வந்தது. எனக்குப் பயம் வந்தால் எரிச்சலாகத்தான் வரும்.

"மெர்வ் ஓய்வு எடுத்துக்கட்டும். வாழ்நாள் பூரா ஒழைச்சாச்சு," என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்தேன்.

அன்று பிற்பகலே அவள் கேரவன் கூரையில் மாட்டினேன். சரியான வெட்டவெளி, ஒரு மரமும் குறுக்கே இல்லை. பட்டனை அமுக்கினேன். டிஷ் எழுந்தது, மெல்லச் சுற்றியது, வடகிழக்கே பார்த்து நின்றது. படம் வந்தது. கண்ணாடி போலத் தெளிவு. ஏதோ வினாடி வினா ஓடிக்கொண்டிருந்தது. வால்டா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிடிச்சிடுச்சா," என்றாள். சாவுத் தந்தி வந்துவிட்டதா என்று கேட்பவள் மாதிரி இருந்தது குரல்.

நான் ஏணியை மடக்குவதற்குள் கூரையில் மோட்டார் சத்தம் கேட்டது. யாரும் பட்டனைத் தொடவில்லை. டிஷ் தானாகத் திரும்பியது. வடகிழக்கை விட்டு, கிழக்கைத் தாண்டி, தெற்கே போய் நின்றது. படம் போய்விட்டது.

இந்த நாட்டில் ஒரு டிஷ்ஷும் தெற்கே பார்க்காது. தெற்கு வானத்தில் எங்களுக்கு எதுவுமே இல்லை. எல்லா சாட்டிலைட்டும் பூமத்திய ரேகைக்கு மேலே, எங்களுக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கின்றன. நான் மறுபடியும் அமுக்கினேன். வடகிழக்கே போனது, பிடித்தது, கொஞ்சம் நின்றது, மறுபடியும் தெற்கே வந்தது. எதிர்ப் பக்கம் நிரந்தரமாகக் குடியிருக்கிற கிளாரி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஊரில் நடக்கிற எதையும் சும்மா விடாத பிரம்மச்சாரி அவன்.

"என்ன நோலீன், பெங்குவினுக்கெல்லாம் டிவி காட்டுறியா?"

"வாய மூடிக்கிட்டுப் பீரக் குடி."

"அமெரிக்கா சரக்க அவ தலையில கட்டிட்டியோ? போன வருஷம் ஒரு ஆளு கம்ப்யூட்டர்ல பார்த்து வாங்கிட்டு வந்தானே, அவன் டிஷ்ஷும் இப்படித்தான் தெக்கே பார்த்துக்கிட்டு நின்னுச்சு."

அது உண்மைதான். பூமியின் வடபாதியில் இருக்கிற நாடுகளில் டிஷ் தெற்கேதான் பார்க்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கிருந்து வரவழைத்து ஏமாறுகிறவர்கள் எங்களிடம் நிறைய. ஆனால் நான் விற்பது அந்தச் சரக்கு இல்லை. இருந்தாலும் கழற்றிப் பார்த்தேன். இங்கே செய்ததுதான். கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினேன். வேறு புதிய டிஷ் ஒன்றைப் பெட்டி பிரித்து மாட்டினேன். அதுவும் தெற்கே போய் நின்றது. கழற்றிக்கொண்டு போய் என் கொட்டகைக் கூரையில் வைத்துப் பார்த்தால், சாது மாதிரி வடகிழக்கையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

திரும்பக் கொண்டுவந்து வால்டாவின் கூரையில் வைத்தேன். தெற்கே திரும்பியது. நான் ஏணி மேலேயே நின்று அது பார்க்கிற திசையைப் பார்த்தேன். நெடுஞ்சாலை நேராகப் போய்ச் செம்மண்ணில் கலந்துகொண்டிருந்தது. அந்தச் சாலையில்தான் கழுகுப்பாறை இருக்கிறது. கிளாரி இப்போது சிரிக்கவில்லை. அவனுக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் இறங்கி வந்ததும் வால்டா என் கையைப் பிடித்தாள்.

"அதத் திட்டாத. அது என்ன செய்யும்? அவருக்கு வேலை இல்லாமப் பண்ணிட்டோம், அவர் அங்கேயே நின்னுட்டார். முக்காலிய வெளிய வை. வந்துடுவார்."

"வால்டா, நீ பேசுறது எனக்குப் பிடிக்கல."

"எனக்கும்தான் பிடிக்கல கண்ணு. ஆனா அதுதான் நடக்குது."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு பக்கம் டேரில் கேரவனை விற்கிறேன் என்கிறான். இன்னொரு பக்கம் இவள் இப்படிப் பேசுகிறாள். இதை இன்றைக்கே ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று அவளுடைய பழைய முக்காலியைத் தூக்கினேன். அவள் சொன்ன இடத்தில் வைத்து, டிவி ஒயரைக் கூரை டிஷ்ஷிலிருந்து எடுத்து இதில் மாட்டினேன். ஆனால் டிஷ்ஷை வேண்டுமென்றே மேற்கே, கக்கூஸ் கட்டடத்தைப் பார்த்துத் திருப்பி, போல்டை லூஸாக விட்டேன். யாரும் தொடாமல் சிக்னல் வரவே முடியாத இடம். உள்ளே வந்து அவளுக்கு எதிரே, ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ரோஸ் நிறக் காக்கட்டூக் கிளிகள் பார்க்கின் தண்ணீர்த் தொட்டியில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. திரையில் சிக்னல் கோடு அடியில் செத்துக் கிடந்தது.

"சரி, கூப்பிடு பார்க்கலாம்," என்றேன்.

"நீயே கூப்பிட்டுப் பாரேன்."

"வலது பக்கம் திருப்பு," என்று கத்தினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கோடு அசையவில்லை.

"உன் குரல் அவருக்கு எட்டாது," என்றாள் வால்டா. பெருமையாகச் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மெர்வ். நோலீன் ஏடாகூடமா வெச்சிருக்கா. நல்லா வலது பக்கம் வா. இன்னும். இன்னும் வாய்யா, கஞ்சத்தனம் பண்ணாத."

கோடு துடித்தது.

"போதும். இப்ப மேல தூக்கு. மெல்ல. தாண்டிப் போயிட்ட பாரு, எப்பவும் இதே அவசரம். கீழ எறக்கு. ஒரு முடி. ஒரு முடின்னா ஒரு முடிதான். அங்கேயே நில்லு."

கோடு ஏறி உச்சியில் நின்றது. படம் வந்தது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே நாளைக்குக் காற்று பலமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது என் தலைக்குப் பின்னால், சுவரில், இரும்பால் இரண்டு தட்டு விழுந்தது. அதிர்வு என் பற்களில் தெரிந்தது.

நான் வெளியே ஓடினேன். ஒருவரும் இல்லை. டிஷ் வடகிழக்கே பார்த்து நின்றது. போல்டைக் கையால் திருகிப் பார்த்தேன், அசைக்க முடியவில்லை. எதிரே கிளாரி நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். பீர் அவன் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் எதையும் பார்க்கல," என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "என்ன எதுவும் கேக்காத." நாற்காலியைக்கூட மடக்காமல் எழுந்து தன் வண்டிக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான்.

எனக்கும் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அந்த வெட்டவெளியில் நின்றபோது பயத்தை விடப் பெரிதாக வேறொன்று தோன்றியது. காற்று ஊசியாகக் குத்தியது. சூரியன் விழுந்ததும் இங்கே எலும்பு வரை குளிரும். இந்தக் குளிரில் அந்த மனிதர் போன குளிர்காலத்திலிருந்து வெளியே நிற்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன். வால்டா கெட்டிலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு ஊர்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு ஊர்லயும்."

"தட்டினதுக்கு அப்புறம்?"

"கெட்டில வெப்பேன். டீ குடிப்பேன். டிவி பார்ப்பேன். அப்புறம் தூங்கிடுவேன்."

"அவர உள்ள கூப்பிட மாட்டியா?"

அவள் அடுப்பு ஜுவாலையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"வால்டா, உன்னத்தான் கேக்குறேன். அந்த மனுஷன இடது, வலதுன்னு வேலை வாங்குறியே. முடிஞ்சுது, உள்ள வான்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலியா? நாயக்கூட யாரும் இந்தக் குளிர்ல வெளிய விடமாட்டாங்க."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் வாய் அப்படி. வால்டா எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய குரல்காரி, பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்காத மாதிரிப் பேசினாள்.

"நான் என்னைக்கும் கூப்பிட்டதில்ல நோலீன். தண்ணி கொதிச்சா அவரே வருவார். அன்னைக்கும் வருவார்னுதான் உக்காந்திருந்தேன். செய்தி முடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்." கெட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப அவர் வெளிய இருக்கார். இன்னும் வரல, அவ்வளவுதான். கூப்பிட்டு வரலைன்னா? அப்ப அவர் இல்லைன்னு ஆயிடுமே. அப்புறம் நான் யாரக் கத்துறது?"

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை. அவளுக்குப் பயம் பேயைக் கண்டு இல்லை, பேய் இல்லாமல் போய்விடுமோ என்றுதான். அந்தப் பயத்துக்கு என் கொட்டகையில் எந்தச் சாமானும் கிடையாது.

"கேரவன வித்துப்புட்டு உன்ன ஃபிளாட்டுக்கே கூட்டிப் போறேன்னு நிக்கிறான் உன் மகன்," என்றேன் மெதுவாக. "அங்க அவன் மாடிச் சுவர்ல டிஷ்ஷ ஆணி அடிச்சு வெச்சிருக்கான். அதத் திருப்ப ஆள் வேணாம். அங்க போனா மெர்வ் எங்க நிப்பார்? கழுகுப்பாறையிலதான். தனியா. கூப்பிடறதுன்னா இப்பக் கூப்பிடு."

கெட்டில் சீட்டியடிக்க ஆரம்பித்தது. வால்டா அதை அணைத்தாள். நிதானமாக மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். பிறகு எழுந்து கேரவன் கதவைத் திறந்து, வாசலில் நின்றாள். வெளியே வானம் செம்பு நிறத்தில் அணைந்துகொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சத்தம் போடாமல் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மெர்வ். டிவி போனா போகுது, விடு. டீ ஊத்திட்டேன். உள்ள வாய்யா, குளிருது."

ஒன்றும் நடக்கவில்லை. காக்கட்டூக்கள்கூட அடங்கியிருந்தன. வால்டாவின் தோள்கள் மெல்லத் தாழ்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ, நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டிவியில் படம் போனது. திரை நீலமானது.

கேரவனில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். கனமான ஆள் படியில் கால் வைத்தால் வண்டி அந்தப் பக்கம் லேசாகச் சாயும், உள்ளே ஏறியதும் நிமிரும். எவ்வளவு தூக்கத்தில் இருந்தாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும். அந்த வண்டி சாய்ந்தது. மேஜை மேல் கோப்பைகளில் டீ ஒரு பக்கமாக ஏறி நின்றது. வால்டா வாசலில் ஒருக்களித்து, ஒருவர் போகிற அளவு வழிவிட்டாள். வண்டி நிமிர்ந்தது. செம்மண்ணும் கிரீஸும் கலந்த வாசனை என்னைக் கடந்து போனது.

வால்டா கதவைச் சாத்தினாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கண் முழுக்க தண்ணீர். ஆனால் பேச்சு தினசரிப் பேச்சாகத்தான் வந்தது.

"கொஞ்சம் எழுந்திரு நோலீன்," என்றாள். "நீ உக்காந்திருக்கிறது அவர் எடம்."

நான் எழுந்துகொண்டேன். என் பங்கு டீயை அப்படியே வைத்துவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று வெளியே வந்து, முக்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு என் கொட்டகைக்குப் போனேன்.